ரோஸ் சீட்டில் ஜெயிக்கிறோம், வெள்ளைச் சீட்டில் தோற்கிறோம்

2020 ஆகஸ்ட் 11 அன்று ஜோ பைடன் தன்னோடு சேர்ந்து போட்டியிடும் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸை அறிவித்தார். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா ஊர் என்பதால் அடுத்த சில மாதங்களுக்கு அங்கே பேனரும் கோலமும் கோயில் பூசையுமாக இருந்தது. டிவியில் நாள் முழுக்க அதே பேச்சு.

அந்த அறிவிப்பு வந்த நான்காம் நாள் சுதந்திர தினம். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண், மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பிரசிடெண்ட், தன் ஊராட்சியில் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். விஷயம் வெளியே வந்து, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்தில் நின்ற பிறகு, ஆகஸ்ட் 20 அன்றுதான் அவரால் கொடியேற்ற முடிந்தது.

பைடன் ஏன் கமலாவைத் தேர்ந்தெடுத்தார், 2024இல் டிரம்ப் ஏன் வான்ஸைத் தேர்ந்தெடுத்தார் என்று நம் பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். பேசட்டும், அரசியல் அறிவு நல்லதுதான். ஆனால் கோலியனூர் கூட்ரோட்டில் நின்று "பிரசிடெண்ட் எங்கே?" என்று கேட்டால் யாரும் அமெரிக்காவைக் கை காட்டமாட்டார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்ட் வீட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். அந்த பிரசிடெண்டுக்கும் ஒரு வைஸ் இருக்கிறார். அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எந்த நாளில்? அவர் கையில் என்ன இருக்கிறது? எங்கள் பயிற்சி வகுப்புகளுக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான் பதிலாக வருகிறது.

இந்த அமைதிக்கு நம் மக்கள் ஐந்து வருடம் விலை கொடுக்கிறார்கள்.

நான்கு சீட்டும் ஒரு கையெழுத்தும்

கிராமத்தில் உள்ளாட்சித் தேர்தல் என்றால் கையில் நான்கு சீட்டு தருவார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளையிலும் ரோஸிலும் கட்சிச் சின்னம் கிடையாது.

தனித் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் நம் கவனமெல்லாம் ரோஸ் சீட்டின் மேல்தான் இருக்கும். காலனியில் யார் நிற்பது, எந்தத் தெரு ஓட்டு யாருக்கு, சின்னம் பூட்டா சாவியா என்று இரவெல்லாம் பேசுவோம். வெள்ளைச் சீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "வார்டு மெம்பர்தானே, யாராவது நிற்கட்டும்" என்று விட்டுவிடுவோம்.

துணைத் தலைவர் பிறப்பது அந்த வெள்ளைச் சீட்டில்தான். மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த வார்டு உறுப்பினர்களில் ஒருவர், ஓட்டு எண்ணிக்கை முடிந்து சில நாட்களில் நடக்கும் மறைமுகத் தேர்தலில் துணைத் தலைவர் ஆகிறார். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் கடந்த முறை ஓட்டுப்பதிவு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. 12ஆம் தேதி எண்ணினார்கள். 22ஆம் தேதி மறைமுகத் தேர்தல். 12ஆம் தேதி நாம் மேளம் அடித்துக்கொண்டிருந்தோம். 12க்கும் 22க்கும் இடையில் ஊர்த்தெருவில் வார்டு உறுப்பினர்களை உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள்.

பேசி முடிக்கும் அளவுக்கு அந்தப் பதவியில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். தலைவர் பதவி காலியானால் அடுத்த தலைவர் வரும்வரை பொறுப்பு துணைத் தலைவரிடம் போகும். பாதிக் கையெழுத்து இன்றைக்கு, முழு நாற்காலி நாளைக்கு. இவ்வளவு இருக்கும் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243ஈ பிரிவு உறுப்பினர் இடங்களுக்கும் தலைவர் பதவிகளுக்கும் ஒதுக்கீடு பற்றிப் பேசுகிறது. துணைத் தலைவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆதிக்க சாதிகள் இந்த ஓட்டையை நம்மைவிடச் சீக்கிரம் படித்துக்கொண்டார்கள். தலைவர் பதவி தனித் தொகுதி என்று அறிவிப்பு வந்த அன்றே அவர்களுடைய வேட்பாளர் வைஸுக்குத் தயாராகிவிடுகிறார்.

அமெரிக்கா எட்டு வருடத்தில் படித்த பாடம்

இந்தச் சிக்கல் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் முதலில் அதிகம் ஓட்டு வாங்கியவர் அதிபர், இரண்டாவதாக வந்தவர் துணை அதிபர் என்று வைத்திருந்தார்கள். 1796இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானார். அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் துணை அதிபரானார். எதிரெதிர் அணி ஆட்கள் இருவரும் நான்கு வருடம் ஒரே அரசாங்கத்தில் இருந்தார்கள். 1800இல் ஜெஃபர்சனுக்கும் அவருடைய அணியிலேயே நின்ற ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 ஓட்டு விழுந்து சமமானது. பிரதிநிதிகள் சபையில் 36 முறை ஓட்டெடுத்துத்தான் முடிவு செய்ய முடிந்தது. இனி இது ஆகாது என்று 1804இல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். அதிபருக்குத் தனி ஓட்டு, துணை அதிபருக்குத் தனி ஓட்டு என்று ஆனது. தலைவரும் துணையும் ஒரே அணியாகச் சேர்ந்து மக்களிடம் வருகிற இன்றைய வழக்கத்துக்கு அதுதான் வழிவிட்டது.

எதிரணி ஆள் துணைப் பதவியில் உட்கார்ந்தால் நிர்வாகம் நகராது என்று அவர்கள் 1796க்கும் 1804க்கும் இடையில், எட்டே வருடத்தில், புரிந்துகொண்டார்கள். நம்முடைய 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடப்பில் இருக்கிறது. முப்பது வருடம் தாண்டிவிட்டது. இங்கே அந்தத் துணை வெறும் எதிரணி மட்டும் இல்லை. தலைவர் தன் எதிரே நாற்காலியில் உட்காரக் கூடாது என்று நினைக்கிற சாதியிலிருந்தும் வருகிறார்.

தரையில் உட்கார்ந்த தலைவர்

கடலூர் மாவட்டம் தெற்குதிட்டை நமக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அந்த ஊராட்சியின் தலித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. படம் வெளியே வந்ததால் நடவடிக்கை வந்தது. படம் வராத ஊராட்சிகளின் கதை என்ன?

தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் நடத்திய ஆய்வை 2022இல் வெளியிட்டது. அதில் 22 இடங்களில் தலித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை. அந்த ஆகஸ்டில், தலித் தலைவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு பிரசிடெண்ட் கொடியேற்ற ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் கடிதம்.

நாற்காலியும் கொடியும் கண்ணுக்குத் தெரியும். காசோலை தெரியாது. நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு ஊராட்சி. பெயர் வேண்டாம். தலைவர் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா. வைஸ் ஊர்த்தெருக்காரர். முதல் இரண்டு மாதம் எல்லாம் சுமுகம். மூன்றாம் மாதம் காலனிக்குப் பைப்லைன் போட அந்த அம்மா தீர்மான நோட்டில் எழுத வைத்தார். அன்றிலிருந்து வைஸ் ஊரில் இருப்பதில்லை. போன் போட்டால் "பாண்டிச்சேரியில் இருக்கிறேன், நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டருக்குச் சம்பளம் நின்றது. தூய்மைக் காவலர்களுக்கு நின்றது. மோட்டார் ரிப்பேர் பில் நின்றது. சம்பளம் நின்றவர்களில் பாதிப்பேர் நம் தெரு ஆட்கள். அவர்கள் வந்து சண்டை போட்டது வைஸிடம் இல்லை, அந்த அம்மாவிடம். "நம்ம சனத்துக்கே செய்யத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்தப் பதவி?" என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள்.

இது நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். யாரும் கை ஓங்கவில்லை. யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஒரு பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு "நிர்வாகம் சரியில்லை" என்று மனு போகும். சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி ஆட்சியர் விளக்கம் கேட்பார், தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். அந்த உறுப்பினர்கள் யார்? வைஸைத் தேர்ந்தெடுத்த அதே ஆட்கள். தலைவர் நீக்கப்பட்டால் பொறுப்பு யாரிடம் போகும்? அதே வைஸிடம்.

ஜோடியைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். நம் ஊராட்சிகளில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. வைஸாக வரப்போகிறவர் தனக்குத் தோதான பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கிறார். தன் நிலத்தில் வேலை பார்ப்பவர், தன்னிடம் கடன் வாங்கியவர், எதிர்த்துப் பேசத் தெரியாத வயதான அம்மா என்று பார்த்து, "நீ நில்லு, செலவு நாங்க பார்த்துக்கறோம்" என்கிறார். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து வருடம் என்ன நடந்தது? தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள், இல்லையென்றால் ஒரு ஆளை ஜெயிக்க வைத்து உடனே ராஜினாமா எழுத வைத்தார்கள். 2006இல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். இன்றைக்கு ராஜினாமா தேவைப்படுவதில்லை. வைஸ் இருக்கிறார், போதும்.

சமூகவியல் படிக்கும் தோழர்கள் இதன் வேரை 1932இல் தேட வேண்டும். தனி வாக்காளர் தொகுதி கேட்ட அண்ணல் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேர்ந்தது. இடம் நமக்கு, ஓட்டு எல்லோருக்கும் என்று ஆனது. இடம் ஒதுக்கினால் போதாது, அந்த இடத்துக்கு வருபவர் யாருடைய தயவில் வருகிறார் என்பதே கேள்வி என்று அவர் கடைசிவரை வாதாடினார். பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டில், 1982இல், கன்ஷிராம் 'சம்சா யுகம்' என்று நூல் எழுதியதும் இந்தக் கேள்வியிலிருந்துதான். ஊராட்சி என்பது அதே பூனா ஒப்பந்தம்தான், மிகச் சின்ன அளவில். இங்கே தலைவரை மட்டுமில்லை, தலைவரின் பேனாவையும் மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

"நம்ம ஆளையே வைஸா போட்டுட்டா?"

இப்படி உடனே கேட்பீர்கள். பதில் சொல்லும் முன் மேலவளவை நினைத்துப் பார்ப்போம். தனித் தொகுதியாக்கப்பட்ட அந்த ஊராட்சியில் 1996இன் கடைசி நாளில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். மூக்கன் துணைத் தலைவரானார். இரண்டு பேரும் நம்மவர்கள். பேனா இரண்டும் ஒரே பக்கம். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஒருவரை ஒருவர் கைவிடாத ஒரு ஜோடி அது. பயம் காட்டியும் பணியாதபோது கத்தியை எடுத்தார்கள்.

ஆகவே 'நம்ம ஆள்' என்பது மட்டும் பாதுகாப்பு இல்லை. இன்னொரு உண்மையும் உண்டு: எல்லா ஊராட்சியிலும் நம் வார்டுகள் பாதிக்கு மேல் இருப்பதில்லை. ஒன்பது வார்டு உள்ள ஊராட்சியில் காலனிக்கு மூன்று வார்டு என்றால் மீதி ஆட்களுடன் பேசித்தான் ஆகவேண்டும். யாருடன், எதைப் பேசுவது என்பதுதான் அரசியல்.

சிலர் சொல்கிறார்கள்: "தலைவர் தலித், வைஸ் ஊர்த்தெரு. இதுதான் நல்லிணக்கம். அமெரிக்காவிலும் வெள்ளையர் ஒருவர், கருப்பர் ஒருவர் என்று சமன் பார்த்துத்தானே நிறுத்துகிறார்கள்?" சமன் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பைடன் கமலாவைத் தானே கூப்பிட்டார். ஒரே மேடை, ஒரே வாக்குறுதி, தோற்றால் இருவரும் சேர்ந்து தோற்பார்கள். நம் ஊராட்சியில் தலைவர் தோற்றால் வைஸுக்கு லாபம். இதற்குப் பெயர் நல்லிணக்கமா? கோலியனூருக்கு அருகில் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்கு நம் பிள்ளைகளை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. கோயில் வாசலில் நம்மைத் தடுக்கிற மனசு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுவதில்லை.

அதே நேரம், ஊர்த்தெரு முழுக்க ஒரே ஆள் என்றும் நினைத்துவிடாதீர்கள். திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கம் ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் இருக்கிறார்கள். வண்ணார், மருத்துவர், குயவர் வீடுகள் இருக்கின்றன. ஆதிக்க சாதியிலேயே நிலம் இல்லாத, நூறு நாள் வேலையில் நம் பெண்களோடு மண் சுமக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வார்டுக்கு நிற்கச் சொல்லி நாமே போய் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

வரும் தேர்தலுக்கு

நம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்கள், 688 ஊராட்சிகளில் 2021இல் பதவியேற்றவர்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தல் அறிவிப்பு எப்போது வந்தாலும் நம் வேலை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, தனித் தொகுதியில் தலைவர் வேட்பாளரைத் தனியாக நிறுத்தாதீர்கள். தலைவர், துணைத் தலைவர், வார்டுகள் என்று அணியாக நிறுத்துங்கள். வேட்புமனு போடும் முன்பே "நம்ம வைஸ் இவங்க" என்று பெயர் சொல்லித் தெருவில் அறிவியுங்கள். சின்னம் வேறு வேறாக இருக்கட்டும், நோட்டீஸ் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு, வைஸ் ஆகப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது சாதியை மட்டும் பார்க்காதீர்கள். நம் தெருவுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா? யாரிடம் கடன் வைத்திருக்கிறார்? ஊராட்சி காண்ட்ராக்ட் எடுப்பவர் அவருக்கு உறவா? ஊர்க்கூட்டத்தில் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருக்கிறாரா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரியாமல் கை கோக்காதீர்கள். நம் ஆளாக இருந்தாலும் இதே கேள்விதான்.

மூன்று, ஓட்டு எண்ணிக்கைக்கும் மறைமுகத் தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில் மேளத்தை இறக்கி வையுங்கள். ஜெயித்த ஒவ்வொரு வார்டு உறுப்பினர் வீட்டுக்கும் இளைஞர்கள் போங்கள். பதவி ஏலம் போவது அந்த நாட்களில்தான்.

நான்கு, கையெழுத்துப் போட மறுத்தால் வாயால் சண்டை போடாதீர்கள். தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், நகல் பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தலைவரையோ உறுப்பினரையோ வேலை செய்யவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், ஆங்கில வரிசையில் 'எம்' என்று வரும் உட்பிரிவில், தனிக் குற்றம். வேட்புமனு போடவிடாமல் மிரட்டுவதற்கும் அதற்கு முந்தைய உட்பிரிவு இருக்கிறது. கடிதம் இல்லாத தடை காவல் நிலையத்தில் வெறும் வாய்ப்பேச்சு. கடிதம் இருந்தால் அது சாட்சி. இந்தக் கடிதங்களை எழுதித் தர ஒரு பட்டதாரிப் பிள்ளை போதும். நீங்கள் படித்த படிப்பு அந்த அம்மாவுக்குத் தேவைப்படுகிற இடம் இதுதான்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். இரட்டைக் கையெழுத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பணம் தனி ஒருவர் கையில் போகாமல் இருக்க அது தேவை, நம் தலைவர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும். ஆனால் துணைத் தலைவர் எழுத்தில் காரணம் சொல்லாமல் ஏழு நாளுக்கு மேல் கையெழுத்தை நிறுத்தினால், தீர்மானத்தின் அடிப்படையில் பி.டி.ஓ. கையெழுத்துப் போட்டு விடுவிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். தனித் தொகுதி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவியை அந்த ஊரின் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பெண் உறுப்பினருக்கு ஒதுக்க வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் சட்டம் கொண்டுவந்த மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. அதற்குள் இன்னொரு தேர்தல் வந்து போகும், இன்னொரு அம்மா காலியான காசோலைப் புத்தகத்தோடு ஐந்து வருடம் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊராட்சியின் வார்டு வரைபடத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எந்த வார்டு நமக்கு, எந்த வார்டில் யாரிடம் பேசலாம், யாரை வைஸாக்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாஷிங்டன் ஜோடியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ஜோடியை நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் அதை வேறு யாரோ தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

ஜெய்பீம்.